முழுச்சுற்றுக்காரர்

கைத்துண்டை ஒரு உதறு உதறி, இடது கட்டைவிரலைச் சுற்றி வளைத்து, இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடும்படி இறுக்கிப் பிடித்துக் காட்டுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளி தன் கட்டைவிரலைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்வார். "விரல்தான் உங்க உணவுக்குழாய். துண்டுதான் இரைப்பை. நெஞ்சுக்குள்ள ஏறிப்போனதக் கீழ இறக்கி, அது ஏறின ஓட்டையத் தைச்சு, இப்படி முழுசா ஒரு சுத்து. அப்புறம் எந்தப் புளிப்பு மேல ஏறுதுன்னு பாத்துடலாம்."

எங்கள் மருத்துவமனையில் அவருக்கு 'முழுச்சுற்று' என்றே பெயர். நான் அவருடைய அறுவைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பவள். படுத்திருப்பவரைத் தூங்கவைத்துவிட்டு, நிற்பவர்களின் சண்டையைக் கேட்பது எனக்குப் பொழுதுபோக்கு. சண்டைக்கு அவர் வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. மனைவியின் தம்பியே அதே பிரிவில் அறுவை மருத்துவர். அவர் முக்கால் சுற்றுக் கட்சி, முனைகள் தொடாமல் நடுவில் கொஞ்சம் இடம் விட்டுத் தைப்பவர். முழுதாகச் சுற்றினால் சிலருக்கு விழுங்கவே சிரமம், ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பிக்கொள்ளும் என்பது அவர் வாதம். முக்காலில் எப்போதாவது புளிப்பு எட்டிப் பார்க்கலாம் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்வார்.

அங்கேதான் அத்தான் பிடித்துக்கொள்வார். "முக்கால் சுத்துன்னா என்ன மச்சான்? சட்டைக்குப் பாதி பட்டன் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போற மாதிரியா?" ஏப்பம் வரவில்லை என்று புலம்பிக்கொண்டு திரும்பி வரும் தன் நோயாளிகளுக்கு அவரிடம் இருப்பது ஒரே பதில். "ஏப்பத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?"

இப்படிச் சொல்பவரின் ஏப்பம் எப்படிப்பட்டது என்பது எங்கள் கேன்டீனுக்குத் தெரியும். சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி, கண்ணை மூடி, சாவகாசமாக ஒன்று விடுவார். பக்கத்து மேசையில் வாய்க்குப் போன கரண்டி பாதி வழியில் நிற்கும். அது வந்தால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி. வராத அன்றைக்கு மதியம் யாரும் அவர் அறைப்பக்கம் தலைகாட்ட மாட்டோம்.

அப்பேர்ப்பட்டவரின் இரைப்பையும் ஒருநாள் மேலே ஏறிவிட்டது. நெஞ்செரிச்சல் மாத்திரைகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மிட்டாய் மாதிரி மென்று சமாளித்தார். படுத்தால் புளிப்பு ஏறுகிறதென்று மனிதர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்பதை அவர் மனைவிதான் கேன்டீனுக்கே வந்து போட்டு உடைத்தார். ஊருக்கெல்லாம் தைக்கிறவருக்குத் தான் படுத்துக்கொள்ளப் பயம் என்று அந்த அம்மா தம்பி எதிரிலேயே சொன்னதும் இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மச்சானே செய்யட்டும், ஆனால் முழுச்சுற்று என்று எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் பாவமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் அடித்த தம்பட்டத்துக்காக அந்த ஏப்பத்தை அல்லவா பறிகொடுக்கப் போகிறார்!

அறுவை அன்று, படுத்திருந்தவரின் முகத்தருகே மாஸ்க்கைக் கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான்கிட்ட சொல்லும்மா, முக்காலே போதும்னு. நான் சொன்னேன்னு சொல்லாத."

அது எப்படி நடக்கும்? வயிறு அவருடையது, வாயும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். கை கழுவிவிட்டு வந்த தம்பியிடம், நோயாளி ஏதோ சொல்ல விரும்புகிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் குனிந்து அத்தான் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"முக்காலா அத்தான்?"

அத்தான் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். நான் இன்னும் மருந்தே கொடுக்கவில்லை. தம்பியும் விடுவதாக இல்லை, குனிந்த தலையை நிமிர்த்தாமல் அப்படியே நின்றார். கடைசியில் மூடிய கண்ணோடு அந்தத் தலை மேலும் கீழும் ஒருமுறை ஆடியது. அதன்பிறகுதான் தூங்கவைத்தேன்.

தம்பி வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும்தான். உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியவர் இப்போதெல்லாம் கேன்டீனுக்கு வருவதில்லை. வெளியே சத்தம் தாங்கவில்லையாம், சாப்பாட்டை அறைக்கே வரவழைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார். யாருடைய சத்தம் என்று நாங்கள் கேட்கவில்லை.

நேற்று அந்த வழியாகப் போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு லாரி ஓட்டுநர், அறுவை முடிந்த பிறகு ஏப்பம் வருமா என்று கூச்சத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பழைய பதிலுக்காக நானும் வாசலில் நின்றேன். இவர் துண்டை உதறினார். கட்டைவிரலைச் சுற்றி வளைத்தார். முனைகள் தொடப்போகும் இடத்தில் கை நின்றது. ஒரு முனையை மெல்லப் பின்னுக்கு இழுத்து, நடுவில் விரல் நுழையும்படி இடம் விட்டார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். பிடித்த துண்டை விடாமலே காலை நீட்டிக் கதவைச் சாத்தினார்.