முந்நூறு அடியில் நின்ற முள்

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு விமானம் இருக்கிறது. கணினியில் ஓட்டும் விளையாட்டு விமானம்: பலகை மேசை, பழைய கார் ஆசனம், வெளிக்காட்சிக்கு ஒரு பெரிய திரை, அவ்வளவுதான். வேகம், உயரம், திசை காட்டும் முட்கள் மட்டும் ஒரு பழைய டேப்லெட்டில் தெரியும். கணினியிலிருந்து அதற்குச் சேதி போவது வீட்டு வைஃபை வழியாக. எல்லாம் வீடியோ பார்த்து நானாகப் படித்துப் பூட்டியது.

மனைவியின் பிறந்தநாளுக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். கேக் வெட்டியதும் எல்லோரையும் அறைக்குள் கூட்டிவந்து, கொட்டியாரக்குடாவுக்கு மேலால் பறந்து சீனக்குடா ஓடுபாதையில் இறக்கிக் காட்டப் புறப்பட்டேன். உயரம் காட்டும் முள் முந்நூறு அடியில் நின்றது. திரையில் கடல் கிட்டக் கிட்ட வந்தது. நான் முள்ளை நம்பினேன். விமானம் தண்ணீருக்குள் போனது.

"டேப்லெட் நிண்டுபோச்சு" என்றேன்.

மனைவியின் தம்பி உப்புவெளியில் விருந்தினர் விடுதி வைத்திருப்பவன். கதவு நிலையில் சாய்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு நின்றான். தலையைத் தூக்காமலே சொன்னான்: "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். அத்தான், நீங்கள் சீனக்குடாவுக்கு பஸ்ஸிலையே போங்கோ. இறங்கிற இடத்தைக் கொண்டக்டர் சொல்லுவார்."

அவனுடைய தாய், என் மாமிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. யார் வாயிலிருந்து பழமொழி விழுந்தாலும் நான் பொறுக்கி வைப்பவன். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் சந்தையில் மீன்காரர், "அண்ணை, பிளேன் கடலுக்கை விழுந்ததாமே, மீன் ஏதும் பட்டதோ?" என்று கேட்டபோது தீர்மானித்தேன். அதே ஆட்களுக்கு முன்னால் மச்சானையும் நனைக்க வேண்டும்.

அதற்கு முதலில் பிழையைப் பிடிக்க வேண்டும். டேப்லெட்டில் இருந்ததையெல்லாம் அழித்து மறுபடி ஏற்றினேன். பற்றரியை மாற்றினேன். தனியே இருந்து பத்துத் தரம் இறக்கினேன், ஒருதரம்கூட முள் நிற்கவில்லை. ஆட்களைக் கண்டால்தான் அதற்கு வெட்கம்போல.

"விடுங்கோவன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றாள் மனைவி.

"எனக்குப் பழங்கஞ்சிதான் பிடிக்கும்" என்றேன்.

ஒரு பின்னேரம் கோயில் திருவிழா பற்றிக் கதைக்க எட்டுப் பெண்கள் வந்தார்கள். நான் உள்ளே பறந்துகொண்டிருந்தேன். முள் நின்றது. எழுந்து ஓடினேன். எங்கள் வீட்டில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணிக்கு முன்னால் வைஃபை கொடுப்போம், பாஸ்வேர்ட் கலண்டருக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கும். எட்டுப் பேர் மடியிலும் வீடியோ ஓடியது.

"ஒருக்கால் எல்லாரும் வைஃபையை நிப்பாட்டுங்கோ" என்றேன். முறைத்தபடி நிறுத்தினார்கள். திரும்பி வந்து பார்த்தால் முள் ஓடுகிறது.

பிறந்தநாள் அன்றைக்கு இருபது போன்கள். அதற்குள் வைஃபையைப் பெரிய வாயோடு குடித்தது மச்சானுடைய கிரிக்கெட். என் வைஃபையாலேயே என் விமானத்தைக் கடலில் தாட்டுவிட்டு, எனக்கே பழமொழி சொல்லியிருக்கிறான்.

கணினிக்கும் டேப்லெட்டுக்கும் நேரே ஒரு கேபிள் போட்டால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை. நான் போடவில்லை.

தீபாவளிக்கு அதே இருபது பேர். காலையிலேயே பாஸ்வேர்டை மாற்றி, கலண்டருக்குப் பக்கத்திலிருந்த தாளைக் கிழித்துவிட்டேன். "வைஃபை வேலை செய்யேல்லை" என்று எல்லோரும் புறுபுறுத்தார்கள். முதலில் நான் இறக்கினேன். விமானத்தின் சில்லு ஓடுபாதையைப் பூப்போலத் தொட்டது. கைதட்டினார்கள்.

"இப்ப நீ இரு மச்சான்" என்றேன்.

"இதென்ன பெரிய வேலை" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆசனத்தில் ஏறி இருந்தான். ஐந்நூறு அடியில் நான் மெல்ல விறாந்தைக்குப் போய், அங்கே போனும் கையுமாக நின்றவர்களுக்குப் புதுப் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பசியோடு இருந்தவர்களுக்குப் பந்தி போட்ட மாதிரி.

திரும்பி வர, "அத்தான், முள் அசையுதில்லை" என்றான்.

"இன்னும் முந்நூறு அடி கிடக்கு, பயப்பிடாதை."

அவன் முள்ளைப் பார்த்தபடியே கடலுக்குள் போனான். முதலில் சிரித்தது மாமி, இந்த முறை வாயைப் பொத்தவில்லை. "பிள்ளை, தலை துடைக்கத் துவாய் கொண்டுவரட்டே?" என்று மகனைக் கேட்டா. அவன் காது சிவந்துபோய், "என்ன நடந்தது அத்தான்?" என்று என்னைக் கேட்டான்.

"பழகப் பழகச் சரிவரும்" என்றேன்.

மறுநாள் கேபிளைப் பூட்டினேன். காரணத்தை அவனுக்குச் சொல்லவில்லை. "பாவம், சொல்லிவிடுங்கோவன்" என்று மனைவி இப்போதும் இடைக்கிடை கேட்பாள்.

"கொம்மா தன்ரை மகன் கடலுக்கை விழுந்த கதையைப் போற வாற இடமெல்லாம் சொல்லி முடியட்டும்" என்பேன்.