கோழி ரத்தமும் பத்து மடங்கு உப்பும்

கோழிக்கடை பாய் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஊற்றிய குழாயோடு காலையிலேயே போய் நிற்பேன். "கறி வேணாம், ரத்தம் மட்டும் போதும்னு சொல்ற ஒரே கஸ்டமர் நீங்கதாம்மா" என்று சிரித்துக்கொண்டே பிடித்துத் தருவார்.

கொடுவா மீனுக்கு நோய் தரும் ஒரு பாக்டீரியாதான் என் ஆராய்ச்சி. அதன் உடம்பில் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதம் மீனின் குடலில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதைத் தனியாகப் பிரித்தெடுத்தால் தடுப்பூசிக்கு வழி கிடைக்கும். பாக்டீரியாவை வளர்த்து, இளஞ்சூட்டில் வைத்து, மிக்ஸியில் ஓட்டி, வேகமாகச் சுழற்றி மேலே நிற்கும் தெளிவை எடுக்க வேண்டும். சட்னி அரைக்கிற அதே மிக்ஸிதான், லேபுக்கென்று தனியாக வாங்கியது. தெளிவில் புரதம் இருக்கிறதா என்பதை, உப்புத் தண்ணீரில் கழுவிய கோழி ரத்த அணுக்கள் சொல்லிவிடும். இருந்தால் அணுக்களைக் கோத்துப் பிடித்து, சோதனைத் தட்டின் குழியில் விரிப்பாகப் பரப்பும். இல்லையென்றால் அணுக்கள் நழுவி நடுவில் பொட்டாக உட்கார்ந்துவிடும்.

மூன்று வருடமாக எனக்குப் பொட்டுதான். சூடு அதிகமாகிக் கெட்டது பாதி, மிக்ஸியில் நுரைத்துக் கெட்டது மீதி. "இந்தத் தடவையும் வரலைன்னா தலைப்பையே மாத்திடலாம்மா" என்று கைடு சொல்லிவிட்டார். மாற்றினால் மூன்று வருட உழைப்பும் குப்பைக்குத்தான்.

அந்தத் தடவை எல்லாம் சரியாகச் செய்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைப் பார்த்தால் எட்டுக் குழியிலும் பொட்டு! மிச்சமிருந்த தெளிவு இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும். மேசையில் கவிழ்ந்து ஓவென்று அழுதேன்.

லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்காவுக்குச் சொந்த ஊர் பிரம்மதேசம். நெல் போடுகிற குடும்பம். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். "ஏம்மா, இந்த பாட்டில் மூடிய சுத்தி என்ன இவ்ளோ வெள்ளையா பூத்துக் கெடக்குது?"

"உப்புத் தண்ணிக்கா. பூக்கத்தான் செய்யும்" என்று எரிந்து விழுந்தேன். நான் மரக்காணத்து உப்பளக்காரர் மகள். எங்கள் வீட்டில் சைக்கிள் பெடலில் உப்பு பூக்கும், அப்பாவின் கால்விரல் இடுக்கில் பூக்கும், கொடியில் காயும் சட்டையில் பூக்கும். அதையெல்லாம் யார் நின்று பார்ப்பார்கள்?

அக்கா விடவில்லை. "பக்கத்து பாட்டில்லயும் உப்புத் தண்ணிதான இருக்குது? அது இப்படிப் பூக்கலியே?"

தூக்கிவாரிப் போட்டது. பாட்டிலைத் திருப்பினேன். 'பத்து மடங்கு' என்று என் கையெழுத்திலேயே லேபிள். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலக்க வேண்டியதை அப்படியே ஊற்றி ரத்தத்தைக் கழுவியிருக்கிறேன். அந்த உப்பில் அணுக்கள் வற்றலாகச் சுருங்கியிருக்கும், புரதம் எதைப் போய்ப் பிடிக்கும்? கரைத்தது நான், லேபிள் எழுதியது நான், அதைப் படிக்காத மகராசியும் நான்தான்.

மறுநாள் மறுபடியும் பாய் கடை. சரியான உப்புத் தண்ணீரில் கழுவி, கடைசித் தெளிவையும் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். கைடுதான் முதலில் குனிந்து பார்த்தார். ஏழு குழியில் அழகான விரிப்பு. தெளிவு ஊற்றாத எட்டாவது குழியில் மட்டும் பொட்டு.

"தலைப்பு மாத்த வேணாம். எழுத ஆரம்பிம்மா" என்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, தன் நாற்காலியை அக்கா பக்கம் தள்ளி, "உக்காந்து பாருங்கம்மா, நீங்க கண்டுபிடிச்சது" என்றார்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுக்கா நேத்து அப்படி அழுத?"

"ஆமாங்க்கா" என்றேன். அவர் தோளில் சாய்ந்து இன்னொரு தடவை அழுதேன்.