லிப்ட் வராத வீட்டில் பால் காய்ச்சியது

கட்டட ஒப்பந்தங்களில் ஒரு சரத்து இருக்கும். இரு தரப்பினரின் கட்டுப்பாட்டுக்கும் அப்பாற்பட்ட, கையொப்பமிடும்போது எண்ணிப் பார்த்திருக்க முடியாத, வந்தபின் தவிர்க்கவும் இயலாத நிகழ்வொன்றினால் வேலை தடைப்பட்டால், ஒப்பந்தகாரருக்கு மேலதிக காலம் வழங்கப்படும் என்று அது கூறும். ஒப்பந்த ஆலோசகனாகப் பிறருக்கு அதை எழுதிக்கொடுத்தே நான் ஓய்வுபெற்றேன். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கமாக நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கி மாடிவீடுகள் கட்டுவித்தபோது, எங்களுக்காகவும் நானே எழுதினேன்.

எங்கள் மணவாழ்க்கை முழுவதும் கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை வீட்டில் கழிந்தது. கடல் தெரியும் சமையலறை வேண்டும் என்பதே புதிய வீட்டைப் பற்றி என் மனைவி விதித்த ஒரே நிபந்தனை. சுவர்கள் எழும்பி முடிந்த சமயத்தில் நாட்டில் டொலர் தீர்ந்தது. டீசலுக்கு வரிசை, இறக்குமதி நின்றுபோயிற்று. அவளுடைய புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டதென வைத்தியர் கூறியதும் அந்த நாட்களில்தான்.

ஒப்பந்தகாரர் கால நீடிப்புக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மற்றக் குடும்பங்கள் பதிலளிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தன.

"சேர், டொலர் இல்லாததால லிப்டை இறக்குமதி செய்ய பாங்கில எல்.சி. திறக்க ஏலாமக் கிடக்கு. டைல்ஸும் வராது. நான் என்ன செய்யிறது?"

"லிப்டை ஒப்புக்கொள்ளுறன். டைல்ஸ் உள்ளூரிலயும் செய்யினம். விலை கூடினதை இந்தச் சரத்துக்குள்ள கொண்டுவர ஏலாது."

"அந்த விலையைக் கேட்டா உங்களுக்கே தலை சுத்தும்."

"சுத்தட்டும். தேடிப் பார்த்ததுக்கு ஆதாரம் கொண்டாங்கோ."

அவர் போனபின் உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அந்த மனிசனுக்கு ஒரு தேத்தண்ணி குடுத்திட்டுச் சண்டை பிடிச்சிருக்கலாம்."

"சண்டை பிடிக்கேல்ல. சரத்தைத்தான் சொன்னனான்."

"நீங்கள் சண்டை பிடிக்கிறதே அப்பிடித்தானே."

நான் அவளுக்கருகே போய் அமர்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, அந்த வீட்டில ஒருக்காப் பால் காய்ச்சிப்போட்டு வருவமே?"

வீடு முடியட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் நின்றுவிட்டது. ஆகவே வேறொரு தடையைச் சொன்னேன். ஒப்படைக்கப்படுமுன் வீட்டை நாம் எதற்காவது பயன்படுத்தினால், அதைப் பொறுப்பேற்றுவிட்டதாகவே கருதப்படும். பிறகு தாமதத்துக்காக எதுவும் கேட்க முடியாது. அதையும் ஒப்பந்தத்தில் எழுதியவன் நானே.

"பால் காய்ச்சினாலுமோ?"

"அடுப்பு மூட்டினாப் பயன்படுத்தினதுதான்."

"அப்ப பாலை மட்டும் விலக்கி ஒரு வரி எழுதுங்கோவன். ஊருக்கெல்லாம் எழுதினனீங்கள்."

எழுதினேன். பால் காய்ச்சும் சடங்கு பயன்பாடாகக் கருதப்படாது என்ற ஒரே வாக்கியம். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "பொங்கும்வரைக்கும் எண்டு போடுங்கோ, இல்லாட்டி நாங்கள் அங்கயே குடியிருந்திடுவம் எண்டு அவர் பயப்படுவார்" என்றாள். அதையும் சேர்த்தேன். மற்றக் குடும்பங்களும் இணங்கின. ஒப்பந்தகாரர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"சேர், பாலுக்குமா கையெழுத்து?" என்று கேட்டபடியே பேனையை எடுத்தவர், பிறகு சிரிப்பதை நிறுத்தினார். "அக்கா எப்பிடி மேல ஏறுவா?"

எங்கள் வீடு மேல்தளத்தில் இருந்தது. லிப்டுக்கான இடத்தில் கீழிருந்து மேல்வரை வெறும் குழிதான் இருந்தது.

குறித்த காலையில் அவளைப் பிரம்புக் கதிரையில் இருத்தி வேலையாட்கள் தூக்கினார்கள். முன்பக்கக் காலொன்றை ஒப்பந்தகாரரே பிடித்தார். நான் பால்சட்டியோடு பின்னால் ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் கதிரையைச் சரித்துவிடாமல் மூச்சை அடக்கி நின்றார்கள். "கவனம், நான் இறக்குமதிச் சாமான்" என்றாள் அவள். ஒப்பந்தகாரர் சிரித்துவிட்டார், கதிரை சற்று ஆடியது.

சமையல் வாயு கிடைக்காத காலம். மூன்று செங்கற்களை வைத்து, கொங்கிரீட் வார்க்கப் பிடித்த மரப்பலகைத் துண்டுகளால் அடுப்பு மூட்டினோம். கண்ணாடி பொருத்தாத யன்னல் வழியே வந்த காற்று நெருப்பை இருமுறை அணைத்தது. ஒப்பந்தகாரர் ஒட்டுப்பலகை ஒன்றை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே தண்டவாளத்தில் புகையிரதம் கடந்தது. அதற்கப்பால் கடல். அவள் அடுப்பைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கியதும் மட்டும் திரும்பினாள்.

"கிழக்காலதான் வழியுது, பாத்தீங்களே!"

மேற்கிலிருந்து கடற்காற்று வீசும் இடத்தில் பால் வேறெந்தப் பக்கம் வழியும்? "ஓம்" என்றேன். முதற்பாலை அவள் ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கச் சொன்னாள். தேநீர்க் கணக்கு தீர்ந்ததென்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

லிப்டுக்கான காலத்தை வழங்கியும், டைல்ஸுக்கானதை மறுத்தும் பதில் எழுதினேன். அதை வாசித்துக் காட்ட அவள் இருக்கவில்லை. மழை தொடங்குமுன் போய்விட்டாள்.

லிப்ட் பின்னர் வந்தது. ஒப்படைப்புக்கு முன்னர் குறைகளைக் குறிக்க நான் ஒப்பந்தகாரரோடு வீடு முழுவதும் நடந்தேன். கதவொன்று சரியாக மூடவில்லை. குளியலறையில் நீர் வடிகாலுக்கு ஓடவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன். சமையலறையில் தரை முழுவதும் டைல்ஸ் பதித்திருந்தது. யன்னலோரம் மட்டும் ஓரிடம் வெறும் சீமெந்தாக, நெருப்பின் கருமையோடு கிடந்தது.

"அதில கை வைக்க மனம் வரேல்ல, சேர். குறையில எழுதுங்கோ, நாளைக்கே பதிச்சுத் தாறன்."

நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். கரி விரலில் ஒட்டியது.

"அடுத்தது பல்கனி" என்றேன்.

அவளுடைய முதலாண்டு ஆட்டைத்திவசம் முடிந்தபின் குடிபுகுந்தேன். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சவேண்டும் என்று மனைவியின் தங்கை தொலைபேசியில் வற்புறுத்தினாள்.

"காய்ச்சியாச்சு" என்றேன்.

"ஆர் காய்ச்சினது?"

"கொக்காதான்."