முழங்காலில் வைத்த சூடு

இந்த லெஸ்டர் நகரத்தில் பிள்ளை வீறிட்டால் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுகிறாள். போன வாரம் என் மகன் செந்தில் படியில் தடுக்கி விழுந்து கத்தினான். நான் அவனைத் தூக்குவதற்குள் வாசலில் நின்றாள். "ஹூ ஹிட் ஹிம்?" என்று கேட்டு, அவன் கையிலும் தொடையிலும் நீலமாகக் கன்றியிருந்த இடங்களை எல்லாம் விரலால் காட்டினாள். அவனுக்குப் பிறவியிலேயே ரத்தம் உறையாத வியாதி, யாரும் அடிக்கவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். எனக்கு வந்த இங்கிலீஷோ "பிளட், பிளட்!" அவ்வளவுதான், பின்னங்கால் பிடரியில் பட ஓடிவிட்டாள்.

திருப்பூர் லைன் வீடுகளில் அடி விழாத நாள் உண்டா? ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியாததா? ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். செந்தில் தவழத் தொடங்கியதும் முட்டியெல்லாம் கன்றியது. நான்தான் கிள்ளுகிறேன் என்று பேசினார்கள். பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப்போன தம்பி எனக்கு இருந்தான். அதை நினைத்துப் பிள்ளையைக் கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கோயமுத்தூர் டாக்டர் பார்த்துவிட்டு, "இது தாய் வழியா ஆண் பிள்ளைக்கு வருதுங்கம்மா. வெட்டு, குத்து, சூடு எதுவும் படக் கூடாதுங்க" என்றார். என் வீட்டுக்காரர் காதில் முதல் பாதிதான் ஏறியது. "உங்க ஊட்டு ரத்தந்தானா இது?" என்று பஸ் ஸ்டாண்டிலேயே என் கன்னத்தில் அறைந்தார்.

அவருடைய அண்ணன் வெள்ளகோவில் பக்கம் காடும் மாடும் வைத்திருந்தார். காளைக்கு முட்டி வீங்கினால் சுற்றுப்பக்கமெல்லாம் அவரைத்தான் கூப்பிடும். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அவர் ஓர் இழுப்பு இழுத்தால் வீக்கம் வற்றிவிடும் என்று பேர். செந்திலுக்கு ஐந்து வயதில் முழங்காலுக்குள் ரத்தம் கட்டி வீங்கியபோது பார்க்க வந்தார். "ஏங்கண்ணு, நடக்க முடியலயா?" என்று அழுதார், நிஜமாகவே அழுதார். "சூடு மட்டும் வேண்டாமுங்க, டாக்டர் ஆகாதுன்னாருங்க" என்று அவர் காலைத் தொட்டுச் சொல்லிவிட்டுத்தான் பனியன் கம்பெனிக்குப் போனேன்.

மத்தியானம் சோற்றுக்குத் திரும்பும்போது தெருமுனையிலேயே பிள்ளையின் அலறல் கேட்டது. உள்ளே என் வீட்டுக்காரர் அவன் கால்களை அமுக்கிப் பிடித்திருந்தார். அண்ணன் கையில் கம்பி. வீடு முழுக்கத் தோல் பொசுங்கிய நாற்றம். மாட்டுக்கு இழுப்பது போல முட்டியில் ஒரு கோடு விழுந்துவிட்டது. அடுத்த கோட்டுக்குக் கம்பி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் குரல் உயர்த்தியறியாத நான், "உடுடா நாயே!" என்று பாய்ந்து கம்பியைப் பிடுங்கி, அவர் முன்கையிலேயே வைத்து அழுத்தினேன். வீட்டுக்காரர் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்த வாயாலேயே அவர் கையைக் கடித்தேன். செய்ததற்கு இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. சூட்டுப் புண் வெடித்து ரத்தம் நிற்காமல் போக, ஆஸ்பத்திரியில் யார் யாரோ ரத்தம் கொடுத்துத்தான் செந்தில் பிழைத்தான். "நானுந்தானே புடிச்சேன்" என்று வீட்டுக்காரர் கட்டிலில் முட்டிக்கொண்டு அழுதார். அவருக்கு இங்குள்ள பின்னலாடை மில்லில் வேலை கிடைத்ததும் மூன்று பேரும் கிளம்பி வந்துவிட்டோம்.

பக்கத்து வீட்டுக்காரி போய்ச் சொல்லியிருக்கிறாள். நேற்று, பிள்ளைகளை அடிக்கிறார்களா என்று பார்க்கும் வெல்ஃபேர் ஆபீஸிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். கன்றல்களுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே விளக்கம் சொல்லிவிட்டார்களாம். முட்டித் தழும்பில் விரல் வைத்து, இதைச் செய்தது யார் என்றாள். பதில் இல்லையென்றால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களாம். வீட்டுக்காரர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். திருப்பூரில் எவரும் கேட்காத கேள்வி! பாவி, இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். அண்ணனின் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னாள்.

"என்னங்க சொல்றா?"

"எந்த மிருகம் வெச்சுதுன்னு கேக்கறா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மிருகமா? எங்க ஊட்டுப் பெரியவருங்க அவரு! புள்ள நடக்கோணும்னு அழுதுட்டே வெச்சாரு. அவகிட்டச் சொல்லுங்க!"

வீட்டுக்காரர் சொன்னார். இந்தியாவில் நடந்ததுதானே என்று மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டு, பிள்ளை உங்களிடமே இருக்கட்டும் என்று அவள் எழுந்து போனாள். கதவைச் சாத்திய பிறகும் என் கை செந்திலின் பைஜாமாவைக் கீழே இழுத்து இழுத்து அந்தத் தழும்பை மூடிக்கொண்டே இருந்தது.