பூஜ்யம் காட்டிய குளம்

இன்று காலை, தம்போய் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடியின் நீச்சல் குளத்தில் குளோரின் சோதித்தேன்.

குளோரின் இருந்தால் சிவக்கும் சோதனை மருந்தைப் போட்டதும், குப்பியில் எடுத்த குளத்து நீர் ஒரு கணம் சிவந்தது. உடனே நிறம் மறைந்தது. மீட்டரில் பூஜ்யம்.

“குளோரினே இல்ல லா தம்பி, இன்னும் ஊத்து. பிள்ளைங்க காத்திருக்காங்க,” என்றார் மேனேஜர்.

குளத்தில் ஒரு தவளை வெளுத்து மிதந்தது.

குளத்து நீரில் சிறிதளவு எடுத்து, கையிலிருந்த போத்தல் குடிநீரை நிறையக் கலந்து, மீண்டும் மருந்து போட்டுச் சோதித்தேன். குப்பி இரத்தமாய்ச் சிவந்து, அப்படியே நின்றது. அளவுமீறிய குளோரின் முதலில் மருந்தின் நிறத்தையே தின்றிருக்கிறது.

“அண்ணே, யாரும் இறங்கக்கூடாது.”

“முதல்ல பூஜ்யம்தானே வந்துச்சு? ஊத்திட்டு கேட்டைத் திற!”

பூட்டிவிட்டுச் சாவியோடு வந்துவிட்டேன். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

உங்கள் குளத்திலும் பூஜ்யமா? தவளை என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.