உஸ்தீன்யா வீட்டு மண்

உள்ளே வருகிறவர்களை உஸ்தீன்யா ஒன்றும் சொல்லமாட்டாள். வெளியே போகிறவர்கள்தான் பூட்ஸைச் சுரண்டிவிட்டுப் போகவேண்டும். மரக்கரண்டியும் கையுமாகப் படியில் நிற்பாள். "குதிகாலக் காட்டு! அங்கதான் ஒட்டியிருக்கு." உதிர்ந்த சேறு கதவோரத்துப் பீப்பாய்க்குப் போகும். ஆசீர்வதிக்க வந்த பாதிரியாருக்கும் அதே மரியாதைதான்.

எல்லாம் மாமனார் செய்த வேலை. ஒரு காலத்தில் ஜார் மன்னர் பிளாட்டினத்தில் நாணயம் அடித்தார், பிறகு நிறுத்திவிட்டார். யூரல் மலையில் அதைச் சீந்துவாரில்லை. தங்கத்தோடு சேர்ந்து வந்த அந்தச் சாம்பல் நிறக் குருணையை மாமனார் திட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றிக் கொட்டினார். ஈயம் தீர்ந்த நாளில் துப்பாக்கியில் போட்டுக் காட்டுக்கோழி சுட்டார். இப்போது என்னவென்றால், பட்டணத்தில் மின்விளக்குக்கு வேண்டுமாம், பல் கட்ட வேண்டுமாம். விலை ஏறுகிறது, ஏறுகிறது, அப்படி ஏறுகிறது! அக்கம்பக்கத்தார் தரையைப் பெயர்த்து அரித்துக் காசாக்கிவிட்டார்கள். உஸ்தீன்யா மட்டும் அசையவில்லை.

"இன்னிக்கு வித்தா நாளைக்கு ஏறிடும். வாங்க வர்ற வியாபாரி மூஞ்சியப் பாத்தியா? எதையோ மறைக்கிறான்."

கோழியை உயிரோடு விற்கமாட்டாள். அது எதைக் கொத்தி விழுங்கியதோ! தானே அறுத்து, இரைப்பையைக் கீறிப் பார்த்தபிறகுதான் விலை பேசுவாள். தேநீர் குடிக்கும் விருந்தாளி சர்க்கரைக் கட்டியைக் கீழே போட்டுவிட்டால் அவன் குனிவதற்குள் இவள் குனிந்து எடுத்துவிடுவாள். மகள் கிளாஃபிராவைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேர் தரையைப் பார்த்துப் பேசினார்கள் என்பதற்காகவே விரட்டப்பட்டார்கள். கூச்சத்தில் குனிந்திருப்பார்கள், பாவம்.

இந்த வசந்தத்தில் அடுப்பு விரிசல் விட்டது. வெளியூர்க்காரன் குப்ரியான் அதைப் பிரித்துக் கட்ட வந்தான். அடிமண்ணைத் தோண்டிய நேரமெல்லாம் உஸ்தீன்யா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குப்ரியான் கடைசிச் செங்கலை வைத்துவிட்டு, கையைக் கழுவி, கிளாஃபிராவைக் கட்டிக்கொடுங்கள் என்றான்.

"அதானே பாத்தேன்! பொண்ணு மேல ஆசையா, மண்ணு மேலயா?"

"உங்க மண்ணு யாருக்கு வேணும் அத்தை? நீங்களே வச்சிக்கிட்டு நல்லா இருங்க. நான் அவளை இர்பித்துக்கு, எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

உஸ்தீன்யாவுக்குத் தூக்கம் போயிற்று. மண்ணைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் விரட்டியிருப்பாள். கேட்காதவனை என்ன சொல்லி விரட்டுவது?

"இதுல ஏதோ சூது இருக்குடி."

"ஒரு சூதும் இல்லம்மா. உனக்கு மண்ணு இருக்கு. நான் போறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை, பெட்டியையும் கட்டிவிட்டாள். தாய் அந்தப் பெட்டியையும் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள்.

கல்யாணம் முடிந்து வண்டி வந்து நின்றது. அப்போதும் உஸ்தீன்யாவின் கண் மாப்பிள்ளையின் பூட்ஸ் மேலேயே இருந்தது. கரண்டி வழக்கம்போலக் கையில். குப்ரியான் படி விளிம்பில் பூட்ஸைத் தானாகவே சுத்தமாகச் சுரண்டிவிட்டு வண்டியேறினான். பின்னால் வந்த கிளாஃபிராவும், பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், கதவைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தாயிடம் காட்டினாள். அடியில் அப்பம்போல ஈரச்சேறு.

உஸ்தீன்யா கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.