ஸ்ரனிஸ்லாஸ் வெட்டிய கச்சேரி

ஜேர்மனியின் எசன் நகரில் இருக்கும் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருடைய மானம் ஸ்ரனிஸ்லாசின் கையில் இருந்தது. கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, முதல் நன்மை, பிறந்தநாள் என்று எந்த விசேஷம் என்றாலும் நெடுங்காலமாக அவர்தான் வீடியோ. மாப்பிள்ளையின் மாமன் குடித்துவிட்டுக் கதிரையைத் தூக்கியது, பந்தியில் சோறு போதாமல் பெண் வீட்டார் முகத்தைத் தூக்கியது, சம்பந்திகள் மண்டப வாசலில் வாய்த்தர்க்கப்பட்டது எல்லாம் அவருடைய கமராவுக்குள் போகும். ஆனால் வீட்டுக்கு வரும் வீடியோவில் இவை ஒன்றும் இராது. வெட்டிய துண்டை அன்றைக்கே அழித்தும் விடுவார். ஒருமுறை அப்படி ஒரு துண்டு வாட்ஸ்அப்பில் கசிந்து, இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திய பிறகு வந்த பழக்கம் அது. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

இப்போது ட்ரோன் பறக்கவிடும் இளசுகள் வந்துவிட்டார்கள். ஸ்ரனிஸ்லாசைக் கூப்பிடுவார் குறைவு. ஆகவே பழைய கசெட்டுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டார். மன்னாரிலிருந்து அகதியாக வந்த நாள் தொட்டுச் சும்மா இருந்து பழகாத மனிதர். சும்மா இருந்தால் மனைவி தேவமலர் வீடு கூட்டச் சொல்லுவார் என்ற பயமும் இருந்தது.

தமிழ்ப் பூசை நடக்கும் மாதா கோயிலில் ஓர்கன் வாசிக்கிற வெபர் அம்மையார் ஒருநாள் ஒலிநாடாச் சுருள் ஒன்றைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். அறுபத்தொன்பதாம் ஆண்டு, இதே எசனில், ஒரு வாலிபர் மன்றத்தின் நிலக்கீழ் அறையில் நடந்த ஃப்ரீ ஜாஸ் கச்சேரியை நேரடியாகப் பதிந்த நாடா. சாக்ஸபோன் வாசித்தவர் அவருடைய தமையன் லோத்தார். குழுவில் மற்ற எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லோத்தாரும் முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடக்கிறார். இன்று நாளை என்று இருக்கிறது. கண் மூடுவதற்குள் அந்தக் கச்சேரியை ஒருதரம் கேட்க வேண்டுமாம். வேறு பிரதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா என்று அம்மையார் கேட்டார். அதற்கென்ன, செய்யலாம் என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

நாடா சுற்றத் தொடங்கியதுமே அதன் பூச்சு பழுப்புத் தூளாக உதிர்ந்தது. இது ஒருமுறைதான் ஓடும், பிறகு இதில் ஒன்றும் மிஞ்சாது என்று அவருக்கு விளங்கியது. ஆகவே அசையாமல் இருந்து கேட்டார். சாக்ஸபோன் வீரிட்டது. டிரம்ஸ்காரர் கைக்கு எட்டிய எல்லாவற்றிலும் தட்டினார். இன்னொருவர் ஏதோ பெரிய தந்தி வாத்தியத்தைப் போட்டு அறுத்தார். ஸ்ரனிஸ்லாஸ் காத்திருந்தார். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

"இன்னும் தொடங்கேல்லையே?" என்று தேவமலர் குசினியிலிருந்து கேட்டார்.

"இல்லையப்பா, இன்னும் சுருதிதான் சேர்க்கினம்."

"இவ்வளவு நேரமாவோ? எங்கட ஆக்கள் எண்டால் இதுக்குள்ள கலியாணம் முடிஞ்சு பந்தியும் வைச்சிருப்பினம்."

"அதைத்தான் நானும் யோசிக்கிறன். வந்திருக்கிற சனம் பாவம்."

அப்போதுதான் நாடாவில் ஒருவன் கத்தினான். போத்தல் ஒன்று உடைந்தது. கதிரைகள் விழுந்தன. "பாத்தீரே, சனத்துக்கும் பொறுமை போயிட்டுது!" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். கடைசியில் பெரிய கைதட்டல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய வால்ட்ஸ் நடன இசை ஒன்று மிதந்து வந்தது. அவருக்கு அப்பாடா என்று இருந்தது. கைதட்டி வரவேற்றுக் கச்சேரி தொடங்கியாயிற்று. அந்தப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, சுருதி சேர்த்ததையும் சண்டையையும் வெட்டினார். கலியாண வீடியோவில் போடுவதுபோல, திரையில் ரோசாப்பூக்களுக்கு நடுவே லோத்தாரின் பெயரை ஓட விட்டார். வழக்கம்போல மிச்சத்தை அன்றைக்கே அழித்தார். ஜேர்மன்காரர் என்றாலும் மானம் மானம்தானே.

சனிக்கிழமை மதியம் வந்த வெபர் அம்மையார் ரோசாப்பூக்களைப் பார்த்தார். கைதட்டலைக் கேட்டார். வால்ட்ஸைக் கேட்டார். பிறகு காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மிச்சம் எங்கே?"

"மிச்சம் இசை இல்லை அம்மா. வாத்தியம் சரிபார்த்தது. பிறகு ஒரு சண்டை."

"அதுதான் கச்சேரி. ஃப்ரீ ஜாஸுக்கு மெட்டும் தாளமும் கிடையாது. அந்தச் சண்டையும் கச்சேரிதான், கத்தியது குழுவில் இருந்த எங்களுடைய ஹைன்ஸ். நீங்கள் வைத்திருப்பது, எல்லாரும் போன பிறகு அறையைக் கூட்ட வந்த ஆள் போட்ட வானொலி."

அம்மையார் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஸ்ரனிஸ்லாசும் திருப்பிப் போட்டிருப்பார். நாளைக்கு லோத்தாரிடம் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஸ்ரனிஸ்லாசுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சுருதி சேர்க்கிற மாதிரியே கச்சேரி செய்தால் மனிதன் என்னத்தைக் கண்டான்! தன் மேலும் ஆத்திரம், அந்த லோத்தார் மேலும் ஆத்திரம்.

"உங்களுக்கு வெட்டுற வருத்தம் பிடிச்சிருக்கு. ஒருநாள் என்னையும் வெட்டி எறிவியள்" என்றார் தேவமலர்.

"சும்மா இரும் மலர், விசரைக் கிளப்பாதையும்!"

அழித்ததை மீட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை இறக்கி ஓடவிட்டார். அது லோத்தாரின் கச்சேரியை மட்டுமா தந்தது? காலங்காலமாக அவர் வெட்டி எறிந்த அத்தனையையும் வாரிக் கொண்டுவந்து கொட்டியது. படம் இல்லை, பெயர் இல்லை, வெறும் சத்தம், அதுவும் துண்டு துண்டாக. எது ஜாஸ், எது கலியாண வீடு? இரண்டிலும் கதிரை விழுந்தது. இரண்டிலும் ஆட்கள் கத்தினார்கள். சாக்ஸபோன் என்று நினைத்து ஒன்றைச் சேர்த்தால், கொஞ்சம் பொறுத்து அது மாப்பிள்ளையின் பெரியம்மா அழுகிற சத்தமாக இருந்தது. "ஐயோ கடவுளே, இதென்ன கோதாரி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். முழுதாகக் கேட்க நேரமில்லை. ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் கேட்டு, தமிழ் கேட்டால் தள்ளி, சாக்ஸபோன் கேட்டால் சேர்த்து, ஞாயிறு மதியம் ஒருவாறு ஒட்டி முடித்தார்.

முதியோர் இல்லத்துக்குத் தேவமலரும் கூடவே வந்தார். இந்த மனிதனைத் தனியே விட்டால் இன்னும் என்ன கூத்து நடக்குமோ என்று அவருக்குப் பயம். லோத்தார் தலையணைக்குள் புதைந்து கிடந்தார். சத்தம் தொடங்கியதும் அவருடைய விரல்கள் போர்வைக்கு மேல் ஓடத் தொடங்கின. ஹைன்ஸ் கத்தியபோது சிரித்தார். போத்தல் உடைந்தபோது, "அது என்னுடைய பியர்" என்றார். வெபர் அம்மையார் தமையனின் காலைப் பிடித்தபடி அழுதார். ஸ்ரனிஸ்லாசுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இசை மட்டும் அப்போதும் பிடிபடவில்லை.

பிறகு சாக்ஸபோன் ஒருதரம் பீறிட்டு நின்றது. கதிரைகள் இழுபட்டன. அதற்குமேல் ஒரு பெண்ணின் குரல் எழுந்தது.

"நீங்கள்தானே தகப்பன்! உந்தக் கமராவை வைச்சிட்டு வந்து ஒருக்காப் பிள்ளைக்குப் பக்கத்தில நில்லுங்கோவன்! எல்லாற்ற கலியாணத்திலயும் மாதிரி இதிலயும் மறைஞ்சு நிக்கப் போறியளோ?"

அதற்கு ஸ்ரனிஸ்லாசின் குரலே பதில் சொன்னது. "பொறும் மலர், இப்பதான் வெளிச்சம் நல்லா விழுகுது."

அவர்களுடைய மகள் பிரபாலினியின் கலியாணம். வாத்தியக்காரர் சாக்ஸபோனை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மற்றக் குடும்பங்களின் சண்டையை வெட்டியதுபோல அதையும் வெட்டி அன்றைக்கே அழித்தவர் அவர். ஸ்ரனிஸ்லாசுக்குக் காது சுட்டது. நிறுத்தப் போனார். லோத்தார் கையை உயர்த்தித் தடுத்தார்.

"யார் இந்தப் பெண்? எங்களோடு பெண் யாரும் இருக்கவில்லையே. என்ன கத்துகிறாள்?"

தேவமலர் கட்டிலுக்குக் கிட்டப் போய், தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் ஒன்றும் விடாமல் சொன்னார். லோத்தார் கவனமாகக் கேட்டார். பின்னால் அவருடைய சாக்ஸபோன் மறுபடியும் வீரிடத் தொடங்கியிருந்தது.

"பிறகு அவர் வந்து நின்றாரா?"

தேவமலர் புருசனைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லை" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "நான் போகேல்லை."